உப்புவெளியில் ஒரு வலவன்

விரைவு என்பது தமிழ்ப் புலவர்க்குப் புதிய பாடுபொருள் அன்று. வினைமுடித்து மீளும் முல்லைத்திணைத் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவும் பாடல்கள் சங்க இலக்கியத்துள் பல உள. அப்பாடல்களிலெல்லாம் விரைவுக்குக் காரணம் ஒன்று உண்டு. தேர் சென்று நிற்கும் இடத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள், கார்காலம் தொடங்கிவிட்டது, குறித்த பருவம் பொய்த்துவிடலாகாது. சென்று சேருமிடத்தில் எவரும் காத்திராத நிலையில், விரைவை விரைவுக்காகவே நாடி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளை ஒரே ஊர்தியின்மீது செலவிட்ட ஒருவரின் வாழ்க்கையை எத்திணையுள் வைப்பது? நியூசிலாந்து நாட்டவரான பர்ட் மன்றோவின் (1899–1978) வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

பெயரால் நேரக்கூடிய மயக்கங்கள் இரண்டினை முதற்கண் நீக்கிவிடுதல் நலம். மன்றோ என்றவுடன் சென்னை வாழ்நர் நினைவில் எழுவது, தீவுத்திடலை அடுத்துச் சேணமில்லாக் குதிரைமேல் வீற்றிருக்கும் ஆளுநர் சர் தாமஸ் மன்றோவின் சிலை. இவர் அவர் அல்லர். இவர் ஏறிச் சென்ற ‘இந்தியன்’ என்னும் மோட்டார் சைக்கிளுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1901இல் தொடங்கப்பெற்ற நிறுவனம் ஒன்று, அந்நாட்டுப் பழங்குடியினரை வெள்ளையர் அழைத்துவந்த பெயரையே தன் ஊர்திக்கு இட்டுக்கொண்டது. அவ்வளவே.

நியூசிலாந்தின் தென்தீவில், தென்கோடியில் உள்ள நகரம் இன்வர்கார்கில். அங்கு 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் மன்றோ பிறந்தார். உடன் பிறந்த இரட்டைப் பெண்மகவு பிறப்பிலேயே இறந்தது. எடன்டேல் என்னும் சிற்றூரின் பண்ணையில் வளர்ந்த சிறுவன், தந்தையின் கண்டிப்பையும் மீறி, வீட்டிலிருந்த குதிரைகளுள் மிக விரைந்தோடுவதைத் தேர்ந்து அதன்மேலேறிப் புலங்களைச் சுற்றிவருவான் என்பர். இளைஞரானபின் தென்தீவின் மலைத்தொடரைக் குடைந்து அமைத்துவந்த ஒட்டிரா இருப்புப்பாதைச் சுரங்கத்தில் சிறிது காலம் கூலிவேலை செய்தார். தந்தை புதிய பண்ணை வாங்கியதும் உழவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர்ப் பந்தயத் திடல்களில் ஊர்தி ஓட்டினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது மீண்டும் பண்ணை. அதன்பின் மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் பழுதுபார்ப்பவராகவும் பிழைப்பு. உலகியல் நோக்கில் இவ்வாழ்வில் குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை, 1920இல் நிகழ்ந்த ஒரு கொள்முதலைத் தவிர.

அவ்வாண்டில், தம் இருபத்தொன்றாம் அகவையில், அவர் ‘இந்தியன் ஸ்கவுட்’ வகை மோட்டார் சைக்கிள் ஒன்றினை வாங்கினார். அவ்வகை அப்பொழுதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அதனை வடிவமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் ஃபிராங்கிளின். இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் சாய்ந்து நிற்க, 600 சி.சி. கொள்ளளவு கொண்ட அமைதியான ஊர்தி அது. மன்றோ வாங்கிய ஊர்தியின் எஞ்சின் எண் 50 ஆர் 627. உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர். செய்தவர்கள் அதற்குமேல் அதனிடம் எதனையும் எதிர்பார்க்கவில்லை.

ஆறாண்டுகள் அதனை உள்ளவாறே ஓட்டினார். 1926இல் அதன்மீது கைவைத்தார். அன்று தொடங்கிய வேலை முதுமை வரை ஓயவில்லை.

அவரிடம் பணம் இல்லை. வேண்டிய உறுப்புகளை விலைகொடுத்து வாங்க இயலாமையால் அவற்றைத் தாமே செய்தார். செய்வதற்கு வேண்டிய கருவிகளையும் பல சமயங்களில் தாமே செய்துகொண்டார். பழைய உலோகத் துண்டுகளை உருக்கி, வெற்றுத் தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். கழித்துப்போட்ட வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களைக் கடைந்து சிலிண்டர்களாக்கினார். பழைய டிராக்டர் அச்சு ஒன்றின் எஃகினை அராவி அராவிக் கனெக்டிங் ராடுகளைச் செதுக்கினார். நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டருக்குப் பதிலாகச் சக்கரத்தின் பழைய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றனைப் பயன்படுத்தினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்திகளுள் பலரும் எடுத்துரைப்பது. நம் ஊர்க் கொல்லர் பட்டறைகளில் கையளவே கருவியாக, கண்ணளவே கணக்காக வேலை நடப்பதைக் கண்டவர்க்கு இதில் வியப்பு இராது. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கொல்லர் செய்யும் கொழுவில் மயிரிழை பிசகினால் உழவு நின்றுவிடாது. மன்றோ செய்த உறுப்பில் மயிரிழை பிசகினால், அதன்மேல் அமர்ந்திருப்பவரின் உயிர் அம்மயிரிழையில் தொங்கியது.

உறுப்புகள் ஏன் உடைந்துகொண்டே இருந்தன என்பதனைச் சற்று விளக்குதல் இன்றியமையாதது. இவ்வரலாற்றின் உயிர்நிலை அதுவே. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது. ஒவ்வொரு முனையிலும் அது முற்றும் நின்று, பின் திரும்புகின்றது. அவ்வாறு நிறுத்தித் திருப்பும் சுமை முழுவதையும் கனெக்டிங் ராடு தாங்கவேண்டும். சுழற்சியின் வேகத்தை இருமடங்காக்கினால் இச்சுமை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. இது ஒருபுறமிருக்க, காற்றின் தடையை வெல்வதற்கு வேண்டும் ஆற்றலோ, ஊர்தியின் வேகத்தோடு அதன் மும்மடி அளவில் பெருகுகின்றது. 55 மைல் வேகத்தை 190 மைலாக உயர்த்தவேண்டுமானால், ஊர்தியின் உருவம் மாறாதவரை, ஆற்றல் ஏறத்தாழ 41 மடங்கு வேண்டும். ஆகவே எஞ்சினை வலுப்படுத்த வேண்டும்; வலுப்படுத்தினால் உறுப்பு உடையும்; உறுப்பினை வலுப்படுத்தினால் எடை கூடும்; எடை கூடினால் வேறோர் உறுப்பு உடையும். இவ்வட்டத்திற்குள்தான் மன்றோ தம் வாழ்நாளைக் கழித்தார். சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்த வால்வுகளை மேற்புறத்திற்கு மாற்றினார். இரண்டு கேம்கள் இருந்த இடத்தில் நான்கு கேம்களை அமைத்தார். எஞ்சினிலிருந்து ஆற்றலைக் கடத்திய பற்சக்கரங்களை நீக்கி மூவரிசைச் சங்கிலியைப் பூட்டினார். எண்ணெய் செல்லும் வழியினையும் தாமே புதிதாக வகுத்தார். ஒவ்வொன்றும் முதல் முயற்சியில் வாய்த்தது அன்று. பல திங்கள் உழைத்து முடித்த எஞ்சின் ஓடத்தொடங்கிய சில நொடிகளில் சிதறிய நாள்கள் உண்டு.

சிதறியவற்றை அவர் வீசிவிடவில்லை. பட்டறைச் சுவரில் ஓர் அடுக்குப்பலகை அமைத்து, உருகிய பிஸ்டன், முறிந்த ராடு, பிளந்த சிலிண்டர் எனப் பாழ்பட்ட உறுப்புகளையெல்லாம் அதில் அடுக்கிவைத்தார். வேகக் கடவுளுக்கு இவை காணிக்கை என்ற பொருள்பட அதன்மேல் எழுதியும் வைத்தார். நகைச்சுவையாகவே எழுதினார் என்று கொள்ளலாம். ஆயினும் வைத்தீசுவரன் கோயிலில் கண்ணும் கையும் காலும் பொறித்த வெள்ளித் தகடுகளை உண்டியலில் இடும் மக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவ்வரிசை வெறும் நகையாகப் படுவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும்: இங்கே நோய் தீர்ந்தபின் காணிக்கை செலுத்துகின்றனர், மன்றோவின் காணிக்கை, தீராத நோய்க்கு முன்கூட்டியே செலுத்தப்பட்டது. மேலும் அப்பலகை அவருக்கு ஏடாகவும் பயன்பட்டது. எந்த உலோகம் எவ்விடத்தில் முறிந்தது, எந்த வளைவில் வெடிப்பு தொடங்கியது என்பதற்கான சான்றுகள் அனைத்தும் அங்கே கண்முன் இருந்தன. அடித்துத் திருத்திய படிகளைக் கிழித்தெறியாமல் போற்றிவைக்கும் கவிஞர்க்கு இப்பழக்கத்தின் பயன் விளங்கும்.

இவ்விடத்தில், சாதனையாளர் வரலாறுகள் வழக்கமாக விரைந்து கடந்துவிடும் ஒன்றனைச் சொல்லியாக வேண்டும். 1927இல் மன்றோ, பெரில் மார்ட்டின் என்பாரை மணந்தார். மக்கள் நால்வர். 1947இல் மணமுறிவு ஏற்பட்டது. கணவன் மனைவியரிடை நிகழ்ந்தவற்றை ஆராய்வது பிறர்க்கு உரிய செயல் அன்று; ஆனால் ஒரு நாளுக்கு நாழிகை அறுபதுதான் என்பதும், அவற்றுள் பெரும்பகுதி எங்கே சென்றது என்பதும் வெளிப்படை. நாற்பதுகளின் பிற்பகுதியில் வேலையையும் விட்டார். இன்வர்கார்கிலில் ஒரு சிறு கொட்டகையே அவருக்குப் பட்டறையும் படுக்கையறையும் ஆயிற்று. ‘இந்தியன்’ ஒருபுறம், 1936இல் செய்யப்பட்ட ‘வெலோசெட்’ என்னும் பிரித்தானிய ஊர்தி மற்றொருபுறம், இடையே கட்டில். இதனைத் தவம் என்று புகழ்வது எளிது. நம் மரபில் தவத்தார் துறந்து சென்ற மனைகளைப் பாடிய புலவர் மிகச் சிலரே என்பதையும் உடன் நினைத்துக்கொள்வது நேர்மை.

இன்வர்கார்கிலுக்கு அண்மையில் ஒரெட்டி கடற்கரை உள்ளது. அலை வாங்கியபின் ஈர மணல் இறுகித் தார்ச்சாலைபோல் கிடக்கும் நீண்ட நெடுங்கரை. அதுவே அவருடைய சோதனைக்களம். 1938இல் முதன்முறையாக நியூசிலாந்து நாட்டளவிலான வேகச் சாதனை ஒன்றை நிகழ்த்தினார். பின்னர் அத்தகைய சாதனைகள் மேலும் ஏழு. 1957இல் அந்நாட்டுக் கடற்கரைச் சாதனையாக அவர் எட்டியது மணிக்கு 131.38 மைல். இடையில் 1953இல், அமெரிக்காவில் இந்தியன் நிறுவனம் தன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெற்ற தாய் கைவிட்டபின் செவிலி வளர்த்த மகவுபோல, செய்தவர்கள் தொழிலை விட்டு நீங்கிய பிறகும் அவ்வூர்தி ஆண்டுதோறும் விரைவு மிகுந்துகொண்டே வந்தது.

கடற்கரை போதாதாயிற்று. அலைக்கும் மணல்மேட்டுக்கும் இடையே கிடைக்கும் ஓட்டம் குறுகியது. காற்றும் ஈரமும் நாளுக்கு நாள் மாறுபவை. நிலத்தில் ஓடும் ஊர்திகளின் உண்மையான எல்லையைக் காண விழைபவர் செல்லும் இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்னவில் உப்புவெளி. பண்டைக்காலப் பேரேரி ஒன்று வற்றிப்போய், அது விட்டுச்சென்ற உப்பு கல்போல் இறுகிக் கிடக்கும் வெண்பரப்பு அது. கடல்மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம். மரமில்லை, நிழலில்லை, புல்லும் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் முறைமையின் திரிந்தால் பாலையாகும் என்பர். நெய்தல் நிலமே வறண்டு பாலையானால் எவ்வாறிருக்கும் என்பதற்கு அவ்வெளியைக் காட்டலாம். உப்பின்மேல் நீளும் கருங்கோடு ஒன்றே ஓட்டுநர்க்கு வழிகாட்டி. சாதனை ஏற்கப்பட வேண்டுமாயின் ஒருமுறை ஓடினால் போதாது. சென்ற வழியே எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரி கணக்கிடப்பட வேண்டும். காற்று ஒருதிசையில் துணைசெய்ததா என்னும் ஐயத்தை நீக்குவதற்கான விதி அது. முல்லைத் தலைவன் மனைவாயிலை அடைந்ததும் தேரினின்று இறங்கிவிடலாம். இவர் திரும்பி வந்தாக வேண்டும்.

மன்றோ அங்குப் பத்துமுறை சென்றார். முதன்முறை வெறும் பார்வையாளராக. எஞ்சிய ஒன்பதும் ஓட்டுநராக. புரவலர் எவரும் இல்லை. நிறுவனப் பின்னணி இல்லை. பூமியின் மறுபாதியிலிருந்து நாற்பதாண்டுப் பழமையுடைய ஊர்தியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அம்முதியவருக்கு, அவ்வெளியில் கூடும் போட்டியாளர்களே உதவிக்கு வந்தனர் என்பது அக்களத்தின் பண்பாட்டைக் காட்டுவது.

1962இல், அறுபத்துமூன்றாம் அகவையில், 850 சி.சி. அளவுக்குப் பெருக்கப்பட்ட எஞ்சினோடு, 883 சி.சி. பிரிவில் மணிக்கு 178.95 மைல் வேகத்தில் உலகச் சாதனை நிகழ்த்தினார். ஏறத்தாழ 288 கிலோமீட்டர். மீன் வடிவில் முன்பின் கூம்பிய கூடு ஒன்று ஊர்தியையும் ஓட்டுநரையும் மூடியிருந்தது. அதனுள் அமர இயலாது. குப்புறக் கிடந்தவாறே செலுத்தவேண்டும். 1966இல், 920 சி.சி. எஞ்சினோடு, 168.07 மைலில் மற்றொரு சாதனை. எஞ்சின் பெருகியும் எண் குறைந்தது எவ்வாறு எனக் கேட்கலாம். உப்பின் ஈரம், பிடிப்பு, காற்று, எஞ்சினின் மனநிலை யாவும் ஒவ்வோராண்டும் வேறு. போட்டியிடும் பிரிவும் வேறு. வாழ்க்கை வரலாறுகளில் படிப்படியாக மேலேறும் எண்கள் பெரும்பாலும் எழுதுவோர் அடுக்கிக் காட்டுபவை. மன்றோவின் எண்கள் அவ்வாறு அடங்குவன அல்ல.

1967ஆம் ஆண்டு தனித்துக் கூறத்தக்கது. அகவை அறுபத்தெட்டு, எஞ்சின் 950 சி.சி.; பிரிவு 1000 சி.சி. தகுதி பெறுவதற்கான ஒருவழி ஓட்டத்தில் மணிக்கு 190.07 மைல் பதிவாயிற்று. ஒரு மைலைக் கடக்கப் பத்தொன்பது நொடியும் ஆகாத வேகம் அது. சாதனையாக ஏற்கப்பெற்ற சராசரி 183.59 மைல். அதே ஆண்டில்தான் அவர் இறப்பின் விளிம்பையும் தொட்டு மீண்டார். ஓட்டத்தின் பாதியைக் கடந்தபின் ஊர்தி இருபுறமும் அதிரத் தொடங்கியது. காற்றைக் கிழிப்பதற்கென அமைத்த கூடு எல்லை கடந்த வேகத்தில் காற்றுக்கே விளையாட்டுப் பொருளாகிவிடும். பக்கவாட்டில் படும் சிறு விசையும் அதனை ஊசலாக்கிவிடும். தடைக்கருவியை நம்ப இயலாத நிலையில், வேகத்தைக் குறைக்கத் தம் உடலையே காற்றுக்குத் தடையாக நிமிர்த்தினார். வீசிய காற்று கண்ணாடியைப் பறித்துச் சென்றது. விழிகளை உள்ளழுத்திப் பார்வையை மறைத்தது. கருங்கோட்டினின்று வெகுதொலைவு விலகிச் சென்ற ஊர்தி, நட்டு வைத்திருந்த எஃகுக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தப்பியது. ஒன்றும் காணாத நிலையிலேயே ஊர்தியைச் சாய்த்து உப்பின்மேல் வீழ்த்தினார். சில சிராய்ப்புகளோடு எழுந்தார். எழுந்தவர் அவ்வூர்தியை விட்டுவிட்டார் என்று எழுத முடியவில்லை.

அத்தனை ஆண்டுகளிலும் புதிய ஊர்தி ஒன்றினை வாங்கியிருக்கலாமே என்ற வினா எழுவது இயல்பு. அறுபதுகளில் விற்பனைக்கு வந்த பல மோட்டார் சைக்கிள்கள், எவரும் கைவைக்காமலே மணிக்கு 100 மைலைத் தாண்டின. மன்றோவின் ஊர்தியிலோ 1920இல் வாங்கியவற்றுள் எஞ்சியது மிகக் குறைவு. சிலிண்டர் புதிது, பிஸ்டன் புதிது, வால்வும் கேமும் ராடும் புதியன. எனினும் எஞ்சின் எண் அதுவே; அவர் நோக்கில் ஊர்தியும் அதுவே. வேறொன்றினை வாங்கி வென்றிருந்தால் வென்றது அதனைச் செய்தவரின் திறம். தாம் உடைத்து, தாம் வார்த்து, தாம் அராவிய ஒன்று, செய்தவரே விதித்த எல்லையைக் கடந்து ஓடவேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினை. சொல்லை மாற்றி, சீரை மாற்றி, அடியை மாற்றியபின்னும் முதற்பாட்டு அதுவே என்று வாதிடும் புலவரை இவ்விடத்தில் நினைக்கலாம். அவ்வாதம் சரியா என்பது வேறு. அதனின்றி அவரால் எழுத இயலாது என்பது உறுதி.

எழுபதுகளில் இதயநோய் அவரைத் தளரச் செய்தது. 1971இல் ரோஜர் டொனால்ட்சன் என்னும் இயக்குநர் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். காணிக்கைப் பலகையின் வாசகமே அதற்குத் தலைப்பாயிற்று. வாழ்நாளின் இறுதியில் ஊர்திகள் இரண்டையும் உள்ளூர்க்காரர் ஒருவர்க்கு விற்றுவிட்டார். 1978ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், எழுபத்தெட்டாம் அகவையில், மன்றோ மறைந்தார்.

அதே டொனால்ட்சன் 2005இல் ஆண்டனி ஹாப்கின்சை நடிக்கச் செய்து இயக்கிய திரைப்படமே மன்றோவை உலகறியச் செய்தது. நல்ல படம். எனினும் பல ஆண்டுப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கி, முதற்பயணத்திலேயே வெற்றியைக் கொடுத்துவிட்டது. மன்றோவின் வாழ்க்கையில் வெற்றி இடையிடையே வந்துபோனது. பட்டறைதான் நிலையாக இருந்தது. கதைக்கு வேண்டிய வசதி அதற்கு இல்லை. 2006இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு முதல் இன்வர்கார்கிலில் அவர் பெயரால் பந்தயங்கள் நடைபெறத் தொடங்கின.

2014இல், அவர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அவருடைய மகன் ஜான் பழைய பதிவுகளைப் பார்க்கையில் 1967ஆம் ஆண்டுச் சாதனையின் சராசரியில் கூட்டல் வகுத்தல் பிழை ஒன்று இருப்பதைக் கண்டார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் கணக்கினை மீண்டும் பார்த்து, 183.586 என்றிருந்ததை 184.087 என்று திருத்தியது. மணிக்கு அரை மைல் கூடுதல். அந்த அரை மைலுக்காக எத்தனை பிஸ்டன்கள் உருகியிருக்கும் என்பதை அடுக்குப்பலகையை நாளும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அறிவர்.

ஊர்தி இன்வர்கார்கிலில் இ. ஹேய்ஸ் என்னும் இரும்புக் கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆணியும் தாழ்ப்பாளும் அரமும் வாங்க வருபவர்கள் அதனைக் கடந்துதான் செல்கின்றனர்.